தானமாக வந்த டாக்ஸி

“கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்ங்க தம்பி. உங்க முகம் எனக்குத் தெரியணும்” என்றார் பின்சீட்டில் இருந்த மருந்துக்கடைக்காரர்.

ரேடியோ ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சாய்த்தான். பின்னால் வந்துகொண்டிருந்த லாரி மறைந்தது. அந்த இடத்தில் மருந்துக்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியும் நெற்றியும் வந்து உட்கார்ந்தன.

“என் முகத்தைப் பார்க்கணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார். என் பொண்டாட்டி கல்யாண போட்டோவுலயே வேற பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறா.”

அவர் சிரித்தார். பல் தெரிந்தது, சத்தம் வரவில்லை.

ரேடியோ என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் அல்ல. ஒருதரம் திருகிவிட்டால் நிற்காது என்று டீச்சர் வைத்தது. முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த டீச்சரும் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. தலை நரைக்கிற வரைக்கும் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். ஆள் வாய் கூசாமல் பொய் சொல்வான், அவன் உட்கார்ந்து எழுந்த வண்டிக்கு அது வராது என்பது அவர் கட்சி.

காணாமல் போனவள் மருந்துக்கடைக்காரரின் மனைவி, ஆள் குள்ளம். கூடவே அவர்களுடைய சாம்பல் நிற டாக்ஸியும் போயிருந்தது. ஓடி ஓய்ந்த டாக்ஸியைச் சல்லிசாக வாங்கிச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மொத்தக் கிடங்குக்கு என்று எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுவாள். போன வாரம் அவர் மருந்துப் பெட்டி எடுக்கக் கிடங்குக்குள் போய்விட்டு வருவதற்குள் வாசலில் வண்டியும் இல்லை, அவளும் இல்லை. அவளுக்கு மனசு சரியில்லை, மாத்திரை கொடுத்துத்தான் வைத்திருந்தேன், யார் கையில் அகப்பட்டு என்ன ஆனாளோ என்று டீச்சர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். போலீஸ் என்று டீச்சர் பேச்செடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் சிரிக்கும் என்றார்.

டாக்ஸியைக் கண்டுபிடித்தது ரேடியோ. ஒர்க் ஷாப், காயலான் கடை என்று பழைய வண்டி போய்ச் சேரக்கூடிய இடத்துக்கெல்லாம் போன் போட்டுத் தொண்டை காய்ந்த பிறகு, பார்வையற்றோர் இல்லம் ஒன்றில் அகப்பட்டது. ஓட்டி முடித்த கார்களை அங்கே தானமாக வாங்கிக்கொள்வார்கள். பிரித்து, அறுத்து, பாகம் பாகமாக விற்று, அதில்தான் இல்லத்துக்குச் சோறு. இன்று மாலை அந்த டாக்ஸிக்கு முறை என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

“அறுத்துட்டாங்கன்னா அப்புறம் அது வாயைத் திறக்காது. மிதி” என்று டீச்சர் அவனைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

கூடவே வருவேன் என்று மருந்துக்கடைக்காரர் அடம்பிடித்தார். இல்லத்தின் கேட்டுக்கு வெளியே, சிக்னலைத் தாண்டி ரேடியோ காரை ஓரம்கட்டினான். நீங்கள் இதிலேயே இருங்கள், முதலில் நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம் என்று டீச்சர் சொன்னதற்கு அவர் தலையாட்டினார்.

“நான் எங்கம்மா போயிடப் போறேன். அவ கிடைச்சாப் போதும்.”

கேட்டருகே ஈ காக்கை இல்லை. கேட்டிலிருந்து ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் கதவில்லாத, கண்ணில்லாத கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றன. கோடியில் இல்லத்தின் நீளமான தாழ்வாரம், அதில் உட்கார்ந்திருந்த சில பேர். எங்கோ இரும்பு அறுக்கும் மெஷின் வீறிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் காலடி வைத்ததும் அது நின்றுபோனது.

“நம்மளைப் பார்த்துத்தான் நிறுத்தினாங்களா டீச்சர்?”

“கரண்ட் போயிருக்கும். நட.”

கரண்ட் போகவில்லை. தாழ்வாரத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ அதைப் பார்த்தான். டீச்சரும் பார்த்தார் என்பது அவனுக்குத் தெரியும். 

மேனேஜர் எதிரே வந்தார். உயரமான, ஒடிசலான மனிதர். சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். சாம்பல் டாக்ஸி என்றதும் அவர் கண் ஒரு நொடி பின்னாலிருந்த சமையல் கூடத்துக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அதைக் கொடுத்தது ஒரு பெரியவர், மகராசனாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார், பேர் ஊர் எதுவும் தெரியாது என்று ஒப்பித்தார்.

“பெரியவர் எவ்வளவு உயரம் இருப்பாருங்க?” என்றார் டீச்சர்.

“என் உயரம் இருப்பார்மா.”

டாக்ஸி தகரக் கொட்டகைக்குக் கீழே தனியாக நின்றது. டீச்சர் சுற்றி வந்து, பிரிக்கிறவர்கள் இறக்கிவிட்டிருந்த முன்ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு தலையணையை மடித்துப் போட்டிருந்தது.

“உங்க உயரம்தானே?” ரேடியோ மேனேஜரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். “அப்ப முழங்காலை எங்க வெச்சுக்கிட்டு ஓட்டினார்? காதுலயா?”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசில் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஆபீசுக்குப் போகவில்லை. சமையல் கூடத்துக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டான். வண்டி இங்கே இருக்கிறது. அந்தக் குள்ளமான பெண்தான் ஓட்டி வந்திருக்கிறாள். வந்தவள் எங்கே? அறுக்கிற மெஷின், பொய் சொல்கிற மேனேஜர், சாத்தின கதவு. அவன் வாய்க்குள் ஒரு ஜோக்கைத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

“டிக்கியைத் திற” என்றார் டீச்சர்.

“நீங்களே திறங்களேன். உங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி.”

“ரேடியோ.”

அவன் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திறந்தான்.

வாடை எதுவும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். டிக்கி துடைத்து வைத்தமாதிரி இருந்தது. மூலையில் மட்டும் துணியில் சுற்றி, நூலால் கட்டின ஒரு பொட்டலம். டீச்சர் பிரித்தார். கதவின் உள்பக்கத்துக் கைப்பிடி இரண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்குகிற திருகி இரண்டு. எண்ணெய் போட்டுத் துடைத்து, திருகாணிகளைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது.

“ஸ்பேர் பார்ட்ஸ்” என்றான் ரேடியோ. உயிர் திரும்பி வந்ததில் குரலும் வந்துவிட்டது. “மருந்துக்கடைக்காரர் இல்லையா, எதையும் டப்பாவுல போட்டு வெச்சாத்தான் தூக்கம் வரும்.”

டீச்சர் திருகாணிகளை எண்ணிப் பார்த்தார். பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு முன்கதவைத் திறந்துபிடித்து, உள்ளே போய் அவள் உட்கார்ந்த மாதிரியே உட்காரச் சொன்னார். வெளிக்காற்று வராமல் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே பார்க்க வேண்டும் என்று, ஜன்னல் கண்ணாடியையும் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மேலே ஏற்றிவிட்டார். ரேடியோ தலையணைமேல் கூனிக் குறுகி, முழங்கால் டாஷ்போர்டில் முட்ட உட்கார்ந்தான். டீச்சர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. சரி, இறங்கிப் போய்க் கேட்கலாம் என்று கைப்பிடிக்காகத் தடவினான். கையில் இரண்டு ஓட்டைகள்தான் தட்டுப்பட்டன. திருகி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைக் கம்பி. எதிர்ப்பக்கத்துக் கதவுக்குத் தாவினான். அங்கேயும் ஓட்டை. பின்சீட்டுக்குப் போய்விடலாமென்றால் சில டாக்ஸிகளில் இருக்குமே, டிரைவருக்கும் சவாரிக்கும் நடுவே தடிக் கண்ணாடி, அது மறித்துக்கொண்டு நின்றது. அதன் அந்தப் பக்கம் பின்கதவுகளில் கைப்பிடிகள் பத்திரமாக இருந்தன. ஹாரனை அமுக்கினான். மூச்சுப் பேச்சில்லை.

டீச்சர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறார், ஒரு கத்து கத்தினால் திறந்துவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை நிமிர்த்தினான். மேலே கண்ணாடி. அதில் பின்னால் இருக்கிற பாதை தெரியவில்லை. பின்சீட்டு தெரிந்தது. ஒரு ஆள் சாய்ந்து சாய்ந்து பளபளத்துப் போயிருந்த ஒரே ஒரு இடம் தெரிந்தது.

டீச்சர் கதவைத் திறந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கி, டாக்ஸியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“கண்ணாடியில என்ன தெரிஞ்சுது?”

“பின்சீட்டு.”

“ஓட்டுறவளுக்குப் பின்னால வர்ற வண்டி தெரியணும். பின்சீட்டு எதுக்குடா தெரியணும்?”

ரேடியோ திரும்பிக் கேட்டைப் பார்த்தான். அவளுக்கு அவர் முகம் தெரிந்தால் அவருக்கும் அவள் முகம் தெரியும். கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்ங்க தம்பி.

“வேலை தெரிஞ்ச கை கழட்டியிருக்கு” என்றார் டீச்சர் மெதுவாக. “உடைஞ்ச கைப்பிடியை எவனும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வைக்க மாட்டான்.”

“டீச்சர், அந்த ஆளை நான்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“நாமதான் கூட்டிட்டு வந்திருக்கோம்.”

டீச்சர் நேராகச் சமையல் கூடத்துக்கு நடந்தார். கதவை மறித்து நின்ற மேனேஜரிடம் தான் யார், யார் சொல்லி வந்தோம், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒளிக்காமல் சொன்னார். கடைசியைக் கேட்டதும் மேனேஜர் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியேயா, கேட்டுக்கு வெளியேயா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு பொய்யை விட்டுவிட்டுப் பேசினார்.

இந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் தானம் கொடுக்க வருகிறவர் தானாகக் கதவைத் திறந்து இறங்கக்கூடாது. முதல் முதலாகக் கார் கொடுத்த ஒரு டாக்டர், ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மேனேஜர்தான் போய்க் கதவைத் திறந்து, கை கொடுத்து இறக்கியிருக்கிறார். அன்றிலிருந்து யார் வந்தாலும் அப்படித்தான். கேட்டுக்குள் வண்டி நுழைந்ததும் ஓடிப் போய்க் கதவைத் திறப்பார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்.

“போன வாரம் அந்த டாக்ஸி வந்துச்சு. வழக்கம்போல திறந்தேன். ஒரு அம்மா இறங்கி என் கையைப் பிடிச்சவங்க விடவே இல்லை. ரொம்ப நேரம் கழிச்சு, இந்த வண்டியை எடுத்துக்கங்க, என்னைக் கேக்காதீங்கன்னாங்க.”

அவர் கதவைத் திறந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒரு குள்ளமான பெண் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டீச்சரைப் பார்த்துத்தான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்குள்ளே இந்த வழக்கத்தைப் பார்த்திருக்கிறாள். பேட்டரி போன வண்டி. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று, அன்றைக்கு அவர் இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கிடங்குக்குள் போனார். ஓட்டிப் போனாலும் இறங்க முடியாதவள் எங்கே போய்விடுவாள் என்ற தைரியம்.

“வழியில யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?” ரேடியோவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பெட்ரோல் பங்க்ல ஒருத்தர் ஒருதரம் திறந்துவிட்டார் அண்ணா. இவர் பின்னாலிருந்து இறங்கி வந்து, கைப்பிடி போயிடுச்சு, சரி பண்ணணும்னு சிரிச்சார். அவரும் சிரிச்சிட்டு என்னை உள்ள உட்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டார். திறந்தவங்க எல்லாருமே திரும்ப சாத்தினவங்கதான். காரணம் கேக்காம திறக்கிறவங்க இங்க மட்டும்தான் இருந்தாங்க.”

டீச்சர் போனை எடுத்துப் போலீசுக்குப் பேசினார். அவர் பேசி முடிக்கவில்லை, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பார்வையற்ற கிழவர் ஒருவர் தலையைத் தூக்கினார்.

“யாரோ வர்றாங்க. புது செருப்பு.”

மருந்துக்கடைக்காரர் மண் பாதையில் நிதானமாக வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேரமாகிவிட்டதே என்று பார்க்க வந்தேன் என்றார். மனைவியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சருக்கும் ரேடியோவுக்கும் மேனேஜருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. டாக்ஸி தன் பெயரில் இருக்கிறது, மனசு சரியில்லாதவள் தெரியாமல் தானம் பண்ணிவிட்டாள், பெரிய மனசு பண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று மேனேஜரைக் கெஞ்சினார்.

“வாம்மா. வந்து வண்டியை எடு. வீட்டுக்குப் போலாம்.”

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ரேடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால் ஒன்று தானாக முன்னால் நகர்ந்தது. பழக்கம்.  அவர் பெயரில் இருக்கிற வண்டி, அவருடைய மனைவி, வாயில் தேன். யார் வந்து கேட்டாலும் அவர் பக்கம்தான் நியாயம் பேசும்.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்” என்றார் டீச்சர். “உங்க வண்டிதானே.”

ரேடியோவுக்குத் தலையில் கல்லைப் போட்டாற்போல இருந்தது.

“பேட்டரி வீக். நாங்க தள்ளிப் பார்க்கணும். யாராவது ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கணும். நீங்க முன்னால ஏறிக் கதவைச் சாத்திக்கங்க. ஒரே ஒரு நிமிஷம்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா.”

“ஓட்ட வேண்டாம். உட்கார்ந்தாப் போதும். நான் எத்தனையோ பேரை உட்கார வெச்சவ.”

டீச்சர் கொட்டகைக்குப் போய் டிரைவர் பக்கத்துக் கதவை அகலமாகத் திறந்துபிடித்தார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் வந்து நின்றார்கள். என்னவோ நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 

மருந்துக்கடைக்காரர் கதவுக்குப் பக்கத்தில் வந்தார். தலையணையைப் பார்த்தார். கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

“இது கைப்பிடி உடைஞ்சிருக்கும்மா.”

“அதனாலென்ன சார், நான் வெளியில இருந்து திறந்துவிடறேன். இத்தனை பேர் இருக்கோம். உங்களைத் திறக்காமலா விட்டுடுவோம்?”

அவர் ஒரு காலைத் தூக்கினார். வைக்கவில்லை. டீச்சரின் கையைப் பார்த்தார். அந்தக் கை கதவின் விளிம்பில், சாத்துவதற்குத் தயாராக, அசையாமல் இருந்தது. அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. தூக்கின கால் தரைக்குத் திரும்பியது.

தாழ்வாரத்துக் கிழவர் காதைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். “கதவு சாத்துற சத்தமே கேக்கலையே. அவர் ஏறலையா?”

“ஏற மாட்டேங்கிறார் தாத்தா” என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. சுவரோரம் நின்றவர்களிடையே ஒரு முனகல் ஓடியது. மேனேஜர் இரண்டு எட்டு முன்னால் வந்து அவளுக்கும் அவருக்கும் நடுவே நின்றார்.

“உடைஞ்ச கைப்பிடியைப் போலீஸ்கிட்டக் காட்டலாம் சார்” என்று டீச்சர் கைப்பையைத் தட்டினார். “திருகாணியோட இருக்கு.”

மருந்துக்கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் ரேடியோவுக்குத் தாங்க முடியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சுற்றி நின்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவளை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்த பாதையில், வந்த நிதானத்தோடு, கேட்டைத் தாண்டிப் போனார்.

சாலையைக் கடந்தார். எதிர்ப்புறம், மூடிக்கிடந்த கடையின் படியில் ஏறி, இல்லத்தைப் பார்க்கத் திரும்பி நின்றார்.

அவள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுக்கு ஓடினாள். இரண்டு கதவையும் தோளால் முட்டிச் சேர்த்து, தாழ்ப்பாளைத் தானே இழுத்துப் போட்டாள். போட்ட பிறகும் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

“நிப்பார் அண்ணா” என்றாள் ரேடியோவிடம். “எவ்வளவு நேரமானாலும் நிப்பார். கிடங்கு வாசல்ல நானும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கேன்.”

“போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. நீ உள்ள போம்மா” என்றார் டீச்சர்.

அவள் போகவில்லை. கேட்டுக் கம்பிகள் அகலம் அகலமாக இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் முழுக்கத் தெரியும்.

ரேடியோ ஏதாவது சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். போய் அவளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே, சாலைக்கு முதுகைக் காட்டி, கையை விரித்து நின்றான். திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. எதிர்ப்புறப் படியிலிருந்து அந்தப் பார்வை வந்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது. அது நகரவில்லை. அவனும் நகரவில்லை.